பழைய எம்டிபியில் ஆபீஸ் போக: எந்தப் பல்லை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

மாடிப்படிக்கு அடியில் வருஷக்கணக்காக நின்ற எம்டிபியை, அதாவது மலைப்பாதைக்கான கியர் சைக்கிளை, துடைத்து எடுத்து, வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கோ அடையாறிலிருந்து சோழிங்கநல்லூருக்கோ தினமும் ஓட்டத் தொடங்குகிறவர்கள், இரண்டு வாரத்தில் இரண்டில் ஒரு புகாரோடு வருவார்கள். "கடைசி கியரில் போட்டாலும் கால் சும்மா சுத்துது, வண்டி ஓடல" என்பது ஒன்று. "மூச்சு வாங்குது, ஆனா இருபதைத் தாண்டல" என்பது மற்றொன்று. இரண்டு பேருக்கும் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: முன்னால் பெரிய பல்சக்கரம் போடுங்கள். முதல் ஆளுக்கு அது ஓரளவு பொருந்தும். இரண்டாம் ஆளுக்குச் சுத்தமாகப் பொருந்தாது. போட்ட பிறகு அவர் இன்னும் மெதுவாகப் போவார், முட்டியும் வலிக்க ஆரம்பிக்கும்.

காலில் இருக்கும் பலத்தைக் கால் விரும்பும் சுற்றில் செலவழிக்க வழி செய்வதுதான் கியரின் வேலை. அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் எண்ண வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் எண்ணிப் பாருங்கள்

முன் பல்சக்கரங்களின் பல்லையும் பின்னால் உள்ள ஒவ்வொரு பல்சக்கரத்தின் பல்லையும் எண்ணி எழுதுங்கள். பெரும்பாலும் பக்கத்திலேயே எண் பொறித்திருக்கும், அழுக்கைத் துடைத்தால் தெரியும். 26 அங்குலச் சக்கரம் உள்ள பழைய எம்டிபிகளில் முன்னால் 42-34-24 அல்லது 42-32-22 இருக்கும். சிலவற்றில் 48-38-28. பின்னால் ஏழு சக்கரம் என்றால் அனேகமாக 14-16-18-20-22-24-28. கடைசிச் சக்கரம் மட்டும் திடீரென்று 34 பல்லாகப் பெருத்திருந்தால் அது ஏற்றத்துக்கான வகை.

அடுத்தது சக்கரத்தின் சுற்றளவு. டியூப் வால்வைத் தரைக்கு நேராகக் கீழே கொண்டுவந்து தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஆள் உட்கார்ந்த நிலையில் ஒரு முழுச் சுற்று உருட்டி, மறுபடி வால்வு கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு. 26×1.95 டயருக்கு இது ஏறக்குறைய 205 செ.மீ., 26×1.5 டயருக்கு 201 செ.மீ. வரும்.

கணக்கு எளிது. முன் பல்லைப் பின் பல்லால் வகுத்துச் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு முறை சுற்றும்போது வண்டி நகரும் தூரம் கிடைக்கும். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. அதை 2.05 மீட்டரால் பெருக்கினால் 6.15 மீட்டர். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 29.5 கி.மீ., 90 சுற்று மிதித்தால் 33 கி.மீ.

இப்போது கால் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பாருங்கள். காலியான சாலையில், வலது முட்டி மேலே வருவதை 15 விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். பழகாதவர்களுக்கு 55, 60 என்றுதான் வரும். நிமிடத்துக்கு 60 சுற்றில் 42-14 கியர் தரும் வேகம் 22 கி.மீ. மட்டும். "இருபதைத் தாண்டல" என்பவரின் விடை இங்கே இருக்கிறது. அவருக்கு வேண்டியது ஒரு படி லேசான கியரில் போட்டு 75, 80 சுற்றுக்குக் காலைப் பழக்குவது. மூன்று வாரத்தில் பழகிவிடும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. 50 சுற்றில் கனமான கியரை அழுத்தி மிதிப்பதுதான் முட்டிச் சிப்பியின் பின்னால் வலியைக் கொண்டுவருகிறது. பெரிய பல்சக்கரம் அதை மோசமாக்கும்.

சீட் உயரத்தையும் இதோடு பார்த்துவிடுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். இரண்டு காலும் தரையில் ஊன்ற வசதியாகச் சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பவர்களுக்கு 80 சுற்று ஒருநாளும் வராது.

இன்னொன்று, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. பழைய வண்டிகளில் இடதுகைக் கியர் லீவர் கிரீஸ் காய்ந்து இறுகிப்போய், செயின் நடுச் சக்கரத்திலேயே பல வருஷம் நின்றிருக்கும். ஓட்டுபவர் அதுதான் பெரிய கியர் என்று நினைத்துக்கொண்டிருப்பார். 34-14 என்றால் 80 சுற்றுக்கு 24 கி.மீ.தான். லீவரைத் திறந்து, காய்ந்த கிரீஸில் மெல்லிய எண்ணெய் தெளித்து, ஐந்து நிமிடம் விட்டு அழுத்திப் பாருங்கள். முன் டீரெய்லரின் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் பாகம்) கேபிள் துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள். 42-க்குச் செயின் ஏறிய அன்றே புகார் தீர்ந்துவிடும் வண்டிகள் உண்டு.

இதையெல்லாம் செய்த பிறகும், சமதளத்தில் எதிர்க்காற்று இல்லாத நேரத்தில் 85, 90 சுற்றில் பத்து நிமிடம் தொடர்ந்து போக முடிந்து, அதற்கு மேல் பல் இல்லாமல் நின்றால், அப்போதுதான் உயர் கியர் உண்மையாகவே தேவைப்படுகிறது.

டயர்

பல்சக்கரத்துக்கு வைத்திருக்கும் காசில் முதல் பங்கு டயருக்குப் போக வேண்டும். குமிழ் குமிழாக ரப்பர் உள்ள மலை டயர் தார்ச்சாலையில் ஒவ்வொரு குமிழையும் வளைத்து நிமிர்த்திக்கொண்டே போகிறது. அந்த உளைச்சலுக்குச் செலவாவது உங்கள் கால் பலம். ஓட்டும்போது கேட்கும் 'உர்ர்' சத்தம் அந்தப் பலம் போகும் சத்தம். 26×1.5 அல்லது 26×1.75 அளவில் மேற்பரப்பு வழுவழுப்பான, நடுவில் தொடர் பட்டை உள்ள சாலை டயர் வாங்குங்கள். ஷ்வால்பே மாரத்தான் போல பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளவை கனம் அதிகம், ஆனால் கண்ணாடித் துண்டும் லாரி டயர்க் கம்பியும் கிடக்கும் சாலை ஓரத்துக்கு அந்தக் கனம் தகும்.

இதைவிட ஒல்லியாகப் போக வேண்டாம். மெட்ரோ வேலை நடக்கும் சாலையில், மழைக்குப் பிறகு பள்ளம் எங்கே என்று தெரியாது. ஒல்லி டயர் ரிம்மில் மோதி டியூபில் பாம்புக்கடி போல இரண்டு ஓட்டை விழும். காற்று, டயர் பக்கச் சுவரில் போட்டிருக்கும் உச்ச அளவுக்குக் கொஞ்சம் கீழே. 1.5 டயரில் 70 கிலோ ஆளுக்குப் பின்னால் 60 பிஎஸ்ஐ, முன்னால் 50 நன்றாக ஓடும். கையால் அமுக்கிப் பார்த்து 'கல்லு மாதிரி இருக்கு' என்பது அளவு ஆகாது. மீட்டர் உள்ள பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை அடிக்க வேண்டும்.

டயர் மாற்றினால் சுற்றளவு 205-லிருந்து 201 ஆகிறது. அதாவது எல்லா கியரும் 2 சதவீதம் லேசாகிவிடும். பல்சக்கரக் கணக்கை டயர் மாற்றிய பிறகு போடச் சொல்வது இதனால்தான்.

முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் இருந்தால், அதன் தலையில் உள்ள திருகை முடிந்தவரை இறுக்கி வையுங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது அது அமுங்கி எழுவது வீண். நடுவிலும் ஸ்பிரிங் வைத்த மலிவு சட்டங்களில் இந்த வேலை எதையும் செய்யாதீர்கள். அதில் முன் டீரெய்லரை மேலே ஏற்றக்கூட இடம் இருக்காது.

பின் சக்கரம்: ஃப்ரீவீலா, கேசட்டா?

பாகம் வாங்கப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது. பின் சக்கரத்தைக் கழற்றிச் சிறிய பல் பக்கமாகப் பாருங்கள். நடுவில் கருவி நுழைவதற்கான உள்பற்கள் தெரியும். பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றும்போது அந்த உள்பற்களும் கூடவே சுற்றினால் கேசட், அதாவது சொருகிப் பூட்டு வளையத்தால் இறுக்கப்பட்டது. அவை அசையாமல் நிற்கப் பல்சக்கரம் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல், அதாவது ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) மரையால் திருகப்பட்டது. நம் ஊரில் 18, 21 கியர் என்று விற்ற பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான்.

ஃப்ரீவீல் வண்டியில் பெரிய தடை, சாதாரணமாகக் கிடைப்பவை 14 பல்லில் தொடங்குவதுதான். 13-ல் தொடங்குவது சன்ரேஸ் போன்றவற்றில் கிடைக்கும், 11-ல் தொடங்குவதும் உண்டு, தேடி வாங்க வேண்டும். சென்னை ரத்தன் பஜார் கடைகளில் கேட்கும்போது "7 ஸ்பீடு, திருகு வகை, சின்னப் பல்லு 13" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வண்டியில் ஆறு சக்கரம் இருந்தால் ஆறே வாங்குங்கள். ஏழு போட்டால் தடிமன் கூடி, கடைசிப் பல்லில் உள்ள செயின் சட்டத்தில் உரசும். அதற்கு அச்சில் வாஷர் சேர்த்து, ரிம்மை மறுபடி நடுவுக்கு இழுத்து, லீவரையும் மாற்ற வேண்டும்.

13-க்குப் போவதில் கிடைப்பது எவ்வளவு? 1.5 டயரோடு 42-14 தருவது 80 சுற்றுக்கு 28.9 கி.மீ., 42-13 தருவது 31.2. சமதளத்தில் ஆபீஸ் போக அனேகருக்கு இது போதும். 11 பல் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். சின்னப் பல்லில் செயின் அதிகம் மடங்குகிறது, உராய்வு கூடுகிறது, தேய்வதும் அதுதான் முதலில்.

ஃப்ரீவீல் ஹப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. வலது பக்க பேரிங் பால்ஸ் ஃப்ரீவீலுக்கு உள்ளே தள்ளி இருப்பதால், அச்சின் வலது முனை நீளமாகத் தாங்கலில்லாமல் நிற்கிறது. கனமான ஆளும் கேரியர் பையும் வேகத்தடையும் சேர்ந்தால் அச்சு வளையும், சில சமயம் முறியும். ஃப்ரீவீல் கழற்றும்போது சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, அச்சு முனை வட்டமடித்தால் அதையும் மாற்றுங்கள். 90 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள், பின் சட்ட இடைவெளி 135 மி.மீ. இருந்தால், கேசட் ஹப் வைத்த பின் சக்கரத்துக்கே மாறிவிடுவது நல்லது.

கேசட் வண்டியில் விஷயம் சுவாரசியமாகிறது. எட்டு வேக வண்டிகளில், அதாவது பின்னால் எட்டுப் பல்சக்கரம் உள்ளவற்றில், சாதாரணமாக வருவது 11-13-15-18-21-24-28-32. உச்ச வேகத்துக்குப் பஞ்சமே இல்லை: 42-11 கியர் 80 சுற்றுக்கு 36.8 கி.மீ. தரும். ஆனால் தினமும் ஓட்டுவது 22-க்கும் 28-க்கும் நடுவில். அங்கே 15-க்கு அடுத்து நேராக 18. இருபது சதவீதத் தாவல். மணிக்கு 25 கி.மீ. போகும்போது 15-ல் கால் 74 சுற்று, 18-ல் 89 சுற்று. ஒன்று கனம், மற்றொன்று அலைச்சல், நடுவில் ஒன்றும் இல்லை. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிப் போகும்போது, அந்த இடைவெளி ஒவ்வொரு நாளும் தெரியும்.

அதற்கு மருந்து, பற்கள் நெருக்கமாக உள்ள சாலை வகைக் கேசட். ஷிமானோவின் எட்டு வேகத்தில் 12-13-15-17-19-21-23-25 ஒன்று, 13-14-15-17-19-21-23-26 இன்னொன்று. சென்னைக்கு எங்கள் சிபாரிசு இரண்டாவது. 42 முன் சக்கரத்தோடு அது 80 சுற்றுக்கு 31.2, 28.9, 27.0, 23.8, 21.3 என்று இறங்கும். 25 கி.மீ. வேகத்தில் 15-ல் 74, 17-ல் 84: இரண்டுமே காலுக்கு ஏற்ற சுற்று. மேலே 31 போதுமா என்று சந்தேகப்படுபவர்கள் 12-25 எடுத்துக்கொள்ளலாம், உச்சம் 33.8 ஆகும். இழப்பது 32 பல். கத்திப்பாராவிலோ வேறு மேம்பாலத்திலோ ஏற 42-26 போதும், 60 சுற்றுக்கு 11.7 கி.மீ. அதுவும் கனமென்றால் நடுச் சக்கரம் இருக்கிறது. கோவை, குன்னூர் பக்கத்து ஏற்றங்களில் ஓட்டுபவர்கள் 32-ஐ விடக் கூடாது. அவர்களுக்கு 11-28-தான் நடுவழி.

ஏழு வேக கேசட் ஹப்பின் உடல் குட்டையானது, அதில் எட்டு வேக கேசட் ஏறாது. எட்டு வேக ஹப்பில் ஏழு வேக கேசட் போடலாம், பின்னால் 4.5 மி.மீ. வளையம் வைக்க வேண்டும். லீவரின் எண்ணிக்கையும் கேசட்டின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். ஷிமானோ ஏழில் அடுத்தடுத்த பற்களின் இடைவெளி 5 மி.மீ., எட்டில் 4.8 மி.மீ. இந்தச் சின்ன வித்தியாசம் கடைசிப் பற்களுக்குப் போகும்போது கூடிக்கூடி 'டக் டக்' என்று அடிக்கும்.

முன் பல்சக்கரம் எப்போது?

பின்னால் 14-க்குக் கீழே எதுவும் கிடைக்காத ஃப்ரீவீல் வண்டிக்கும், 42 பல் தேய்ந்து சுறாத் துடுப்பு மாதிரி வளைந்துவிட்ட வண்டிக்கும்தான். முதலில் பார்க்க வேண்டியது, பல்சக்கரம் கிராங்கோடு (பெடல் மாட்டியிருக்கும் கை) ஆணியால் அடிக்கப்பட்டதா, ஆலன் போல்ட்டால் இறுக்கப்பட்டதா. ஆணி அடித்தது என்றால் தனிச் சக்கரம் மாற்ற முடியாது, கிராங்க் செட் முழுவதும்தான்.

போல்ட் வகை என்றால் அடுத்தடுத்த இரண்டு போல்ட்களின் மையத்துக்கு மையம் அளவெடுங்கள். நான்கு கை கிராங்கில் 73.5 மி.மீ. வந்தால் அது 104 வட்டம், அதாவது போல்ட்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 104 மி.மீ. ஐந்து கையில் 64.7 வந்தால் 110, 55.3 வந்தால் 94. இந்த எண்ணைச் சொல்லித்தான் சக்கரம் வாங்க வேண்டும். "எம்டிபி ரிங்" என்று கேட்டால் எதையாவது தருவார்கள், ஓட்டை ஒத்துப்போகாது.

48-38-28 கிராங்க் செட்டுக்குப் போவது பழைய வண்டியில் நல்ல தீர்வு. 48-14 கியர் 1.5 டயரில் 80 சுற்றுக்கு 33 கி.மீ. தரும், பின்னால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் நான்கு இடத்தில் சிக்கும்.

ஒரு பல் கூடினால் சக்கரத்தின் ஆரம் சுமார் 2 மி.மீ. கூடும். ஆறு பல்லுக்கு 12 மி.மீ. ஆகவே பின் சட்டக் குழாய்க்கும் சக்கரப் பல்லுக்கும் இடையே குறைந்தது 3 மி.மீ. மிஞ்சுமா என்று வாங்கும் முன் அட்டையில் வட்டம் வெட்டி வைத்துப் பாருங்கள். நின்று மிதிக்கும்போது சட்டம் வளையும், அதற்கும் இடம் வேண்டும். வெளிச் சக்கரம் பெரும்பாலும் தப்பிக்கும், 34 இருந்த இடத்துக்கு வரும் 38-தான் உரசும்.

இரண்டாவது, பி.பி. அச்சின் (கிராங்க் இரண்டும் மாட்டியிருக்கும் நடு அச்சு) நீளம். சதுர முனை அச்சுகள் 110, 113, 122.5 மி.மீ. என்று பல நீளத்தில் வருகின்றன. புதிய கிராங்க் எந்த நீளத்துக்கு ஆனது என்று கேட்டு வாங்குங்கள். குட்டை அச்சில் போட்டால் உள் சக்கரம் சட்டத்தைத் தொடும், நீள அச்சில் போட்டால் செயின் சாய்ந்து ஓடி இரைச்சல் போடும்.

மூன்றாவது, முன் டீரெய்லரை அந்த 12 மி.மீ. மேலே ஏற்ற வேண்டும். கூண்டின் அடிவிளிம்புக்கும் பெரிய சக்கரப் பல்லின் நுனிக்கும் 1 முதல் 3 மி.மீ. இடைவெளி, கூண்டு சக்கரத்துக்கு இணையாக. ஐந்து மி.மீ. விட்டால் செயின் ஏறாது. நான்காவது, பழைய செயின் நீளம் போதாது. அதைத்தான் மிகப் பலர் மறக்கிறார்கள். முன்னால் பெரிய பல்லில் இருக்கும்போது பின்னாலும் பெரிய பல்லுக்குத் தெரியாமல் மாற்றிவிட்டால், நீளம் போதாத செயின் பின் டீரெய்லரைப் பிய்த்து ஸ்போக்கில் சொருகிவிடும்.

முன்னால் ஒரே சக்கரம் மட்டும் வைத்து லேசாக்குவதும் உண்டு. சமதளத்துக்கு அது போதும். ஆனால் மூன்று சக்கரத்துக்கான போல்ட் நீளமாக இருக்கும், ஒற்றைக்கு உரிய குட்டை போல்ட் வாங்க வேண்டும். முன் டீரெய்லரைக் கழற்றி எறிய வேண்டாம். அதன் இரண்டு எல்லைத் திருகுகளையும் இறுக்கிச் சக்கரத்துக்கு நேராக நிறுத்தினால், பள்ளத்தில் குதிக்கும்போது செயின் கழலாமல் காவல் காக்கும்.

கழற்றும் வேலை

தேவை: ஃப்ரீவீல் அல்லது கேசட் கழற்றும் கருவி (இரண்டும் வேறு வேறு), கேசட் என்றால் செயின் சாட்டை, கிராங்க் இழுப்பான், செயின் வெட்டி, 15 மி.மீ. பெடல் ஸ்பேனர், 5 மற்றும் 8 மி.மீ. ஆலன் கீ, 14 மி.மீ. சாக்கெட், கிரீஸ்.

ஃப்ரீவீலை மிதிக்க மிதிக்க அது தானாக இறுகிக்கொண்டே போகும். பத்து வருஷம் மிதித்தது சாதாரண ஸ்பேனருக்கு அசையாது. துருநீக்கி எண்ணெயை மரையில் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். கருவியை உள்பற்களில் உட்காரவைத்து, அச்சு நட்டை அதன்மேல் விரலால் லேசாகத் திருகி, கருவி நழுவாமல் பிடிக்கவையுங்கள். பிறகு கருவியைப் பெஞ்ச் வைஸில் கடிக்கக் கொடுத்து, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து பஸ் ஸ்டீயரிங் போல இடப்பக்கம் திருப்புங்கள். 'படக்' என்று விட்டதும் நிறுத்தி, நட்டைக் கழற்றிவிட்டுத் தொடருங்கள். நட்டோடு திருப்பிக்கொண்டே போனால் அச்சு மரை போய்விடும். வைஸ் இல்லையென்றால் பெரிய ரெஞ்சும் ஒரு மீட்டர் குழாயும். புதியதை ஏற்றும்போது மரையில் கிரீஸ் கட்டாயம், முதல் மூன்று சுற்று கையால் மட்டும். ஹப் அலுமினியம், ஃப்ரீவீல் இரும்பு. கோணலாக ஏறினால் ஹப்பே குப்பைதான்.

கேசட் சுலபம். செயின் சாட்டையால் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பூட்டு வளையத்தை இடப்பக்கம் திருப்பினால் விடும். திரும்பப் போடும்போது உள்ளே ஒரு வரிப்பள்ளம் மட்டும் அகலம் வித்தியாசமாக இருக்கும், அதைப் பார்த்துச் சொருகுங்கள். பூட்டு வளையத்துக்கு 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம்.

கிராங்கில் போல்ட்டை எடுத்த பிறகு இழுப்பானைக் கையால் முழு மரையும் உள்ளே போகும்வரை திருகுங்கள். உள்ளே வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். பாதி மரையில் பிடித்து இழுத்தால் கிராங்கின் மரை அறுந்து வெளியே வரும். இடது பெடலுக்கு எதிர் மரை. பி.பி. கழற்ற வேண்டியிருந்தால் வலப்பக்கக் கிண்ணமும் எதிர் மரைதான், வலப்பக்கம் திருப்பினால் கழலும்.

செயின் விஷயத்தில் சிக்கனம் கூடாது. ஸ்கேலில் 12 அங்குலத்துக்கு 24 கண்ணி இருக்க வேண்டும். அந்த 24 கண்ணி 1.5 மி.மீ. கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம். 3 மி.மீ. கூடியிருந்தால் பல்சக்கரமும் சேர்ந்தே போயிருக்கும். தேய்ந்த பழைய பல்லில் புதிய செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். சிக்னலில் நின்று கிளம்பும்போது இது நடந்தால் முட்டி ஹேண்டில்பாரில் மோதும், பின்னால் பஸ் நிற்கும். ஆகையால் பின் பல்சக்கரமும் செயினும் ஒன்றாகவே மாறட்டும். 6, 7, 8 வேகத்துக்கு ஒரே அகலச் செயின்தான். ஒன்பது வேகச் செயின் மெல்லியது, தேவையில்லை. நீளத்துக்கு: செயினைப் பின் டீரெய்லர் வழியாக விடாமல், முன் பெரிய பல்லிலும் பின் பெரிய பல்லிலும் சுற்றி இழுத்துப் பிடித்து, சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட வைத்து வெட்டுங்கள்.

சரிக்கட்டுதல்

கேபிளைப் புதிதாகப் போட்டுவிட்டே ஆரம்பியுங்கள், உறையோடு. கியர் உறை 4 மி.மீ., உள்ளே கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பிரேக் உறை சுருள் கம்பி, அது அமுங்கும். கியருக்குப் பிரேக் உறை போட்டால் எத்தனை திருகினாலும் பல் நிற்காது. கியர் உறையைப் பிரேக்குக்குப் போடவே கூடாது. அழுத்தத்தில் பிளந்து பிரேக் இல்லாமல் போகும்.

கேபிளைக் கட்டாமல் முதலில் எல்லைத் திருகுகள். பின் டீரெய்லரின் 'எச்' திருகைச் சரிசெய்து அதன் மேல் கப்பிச் சக்கரம் சின்னப் பல்லுக்கு நேர்கீழே நிற்கட்டும். டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிப் பிடித்து, 'எல்' திருகால் பெரிய பல்லுக்கு நேராக நிறுத்துங்கள், அதைத் தாண்டி ஸ்போக் பக்கம் போகக் கூடாது. இப்போது லீவரைக் கேபிள் முழுதும் தளர்ந்த நிலையில் வைத்து, கேபிளை இழுத்துக் கட்டுங்கள். ஒரு கிளிக் போடுங்கள். செயின் இரண்டாம் பல்லுக்கு ஏறத் தயங்கினால் கேபிள் முனைத் திருகை இடப்பக்கம் அரைச் சுற்று. மூன்றாம் பல்லைத் தொட்டு உரசினால் வலப்பக்கம் கால் சுற்று. பின்னால் 32 இருந்த இடத்துக்கு 26 வந்திருந்தால் கப்பிச் சக்கரம் பல்லைவிட்டு வெகுதூரம் தொங்கும், மாற்றம் மந்தமாகும். 'பி' திருகைத் தளர்த்தினால் அது பல்லை நெருங்கி வரும். நெருங்கி உரசாத அளவில் நிறுத்துங்கள்.

எவ்வளவு திருகியும் நடுப்பற்களில் நிற்கவில்லை என்றால், டீரெய்லர் மாட்டியிருக்கும் காது வளைந்திருக்கிறது. வண்டி வலப்பக்கம் ஒருமுறை விழுந்திருந்தாலே போதும். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு கப்பிச் சக்கரமும் பல்சக்கரங்களோடு ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும்.

ஓட்டும்போது, பெரிய முன் சக்கரத்தில் இருக்கையில் பின்னால் உள்ள பெரிய இரண்டு பற்களில் நெடுநேரம் ஓட்டாதீர்கள். செயின் குறுக்காக இழுபடும். சிக்னலுக்கு முன், கால் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பல் லேசாக்கிவிடுங்கள். நின்ற பிறகு லீவரை அழுத்திவிட்டு முழு பலத்தில் மிதிப்பதுதான் செயின் அறுவதற்கு நிச்சயமான வழி. வேகம் கூடிய வண்டிக்குப் பிரேக் கட்டையும் புதியதாக இருக்கட்டும். கட்டையின் பள்ளக் கோடு மறைந்திருந்தால் மாற்றுங்கள்.

கடலோரச் சாலையில் ஓடும் வண்டிக்கு வாரம் ஒருமுறையும், ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த ஒவ்வொரு நாளும், செயினைத் துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தை மறுபடி காயத் துடைக்க வேண்டும். வெளியே மிஞ்சிய எண்ணெயில் மணல் ஒட்டி, புது கேசட்டை அரம் போல அராவிவிடும்.

முதல் 50 கி.மீ. ஓடியதும் கிராங்க் போல்ட் இரண்டையும் மறுபடி 35, 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிப் பாருங்கள். சதுர முனையில் கிராங்க் உட்கார ஓட்டம் தேவைப்படும், இடப்பக்கத்து போல்ட் பெரும்பாலும் கால் சுற்று கொடுக்கும். புதுக் கேபிளும் அதற்குள் உறையில் அமர்ந்து தளர்ந்திருக்கும், முனைத் திருகை இடப்பக்கம் ஒரு அரைச் சுற்று.